கடலிலும் ஒரு கொல்லைத் தோட்டம்!

சிப்பி என்றதும் நமக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? முத்து மூக்குத்தி வரும். வெற்றிலைக்குத் தடவும் கிளிஞ்சல் சுண்ணாம்பு வரும். கடற்கரைக்குப் போனால் குழந்தைகள் பாவாடை நிறையப் பொறுக்கி வந்து வீடெல்லாம் மணலாக்கும் கிளிஞ்சல்கள் வரும். அந்தக் கால மதராஸ் பங்களாக்களில் கண்ணாடி மாதிரி மின்னிய சுவர்ப் பூச்சுகூட கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான். ஆனால், சிப்பியைப் பயிர் செய்யலாம், அதை நம்மைப் போன்ற பெண்களே வீட்டு வேலைக்கு நடுவில் செய்யலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சைவச் சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டுரை சாப்பாட்டைப் பற்றி மட்டும் இல்லை. நாம் எல்லோரும் குடியிருக்கிற ஊர்த் தண்ணீரைப் பற்றியும்தான்.

நான் ராயபுரத்தில் குடித்தனம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காசிமேட்டு மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால், நண்டு எல்லாம் கூடை கூடையாக வரும். ஆனால் ஆழியோ சிப்பியோ கேட்டால் மீன்கார ஆயா ஒரு மாதிரி பார்ப்பார். "அதெல்லாம் யாரும்மா இங்க வாங்கிக்கினு போறா? கேரளாக்காரங்கதான் கேப்பாங்க" என்பார். அந்தப் பேச்சிலிருந்துதான் எனக்கு இதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

முதலில் மூன்று பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்வது மட்டி. பாறையில் ஓட்டோடு ஓடாக, சிமெண்டு வைத்துப் பூசியது போல் ஒட்டிக்கொள்வது சிப்பி. பாறையில் நார் போன்ற இழைகளை விட்டுக் கொத்துக் கொத்தாகத் தொங்குவது ஆழி. நம் கடலோரத்தில் வளர்கிற ஆழிக்கு ஓடு பச்சையாக, பளபளவென்று இருக்கும். அதனால் பச்சை ஆழி. மலையாளத்தில் இதைத்தான் கல்லும்மக்காய் என்கிறார்கள். பழுத்த ஆழியைத் திறந்தால் ஆணின் சதை வெள்ளையாகவும் பெண்ணின் சதை ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும். கூடையில் கலந்து கிடந்தாலும் எது எதென்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

இந்தப் பச்சை ஆழி நம் கரையில் எவ்வளவு செழிப்பாக வளரும் என்பதற்குக் கல்பாக்கமே சாட்சி. அங்கே அணுமின் நிலையத்துக்குக் கடல் நீர் கொண்டுபோகும் சுரங்கத்தில் கேட்காமலே குடியேறி அடைத்துக்கொண்டது. அதை ஒழிப்பது எப்படி என்று விஞ்ஞானிகள் பல வருஷம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். வேண்டாத இடத்தில் இப்படி வளர்கிறதை வேண்டிய இடத்தில் வளர்த்தால் என்ன?

மதராஸ் பெயர் கொண்ட சிப்பி

நம் நாட்டில் உணவுக்கான சிப்பிக்கு விஞ்ஞானிகள் 1916இல் வைத்த பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. 'மதராசென்சிஸ்' என்று பெயர். மதராஸைச் சேர்ந்தது என்று பொருள். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் பெயரை மாற்றிவிட்டாலும், நூறு வருஷமாகப் புத்தகங்களில் அந்தச் சிப்பி நம் ஊர்க்காரியாகத்தான் இருந்தாள்.

இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவில் சிப்பியைப் பயிர் செய்து பார்க்கலாம் என்று முதன்முதலில் முயன்றவர்களில் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் முக்கியமானவர். மதராஸ் அரசாங்கத்தில் முத்து, சங்குக் குளிப்பைப் பார்த்துக்கொண்ட அதிகாரி. 1910 வாக்கில் அவர் முயன்ற இடம் எது தெரியுமா? நமக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடு ஏரி! எண்ணூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. மண்டபத்தில் பல வருஷம் இருந்து, பிறகு கொச்சிக்குப் போனது. இந்த நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமியின் குழுவினர் 1973இல் தூத்துக்குடிப் பக்கம் வேப்பலோடையில் முத்துச் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அதே காலத்தில் தூத்துக்குடியில் உணவுச் சிப்பி வளர்ப்பும், நம் சென்னையை அடுத்த கோவளம் கடலில் ஆழி வளர்ப்பும் சோதனையாக நடந்தன. வித்தை நம் கரையிலேயே பிறந்திருக்கிறது. அதைத் தொழிலாக்கிச் சம்பாதித்தவர்கள்தான் வேறு ஊர்க்காரர்கள்.

கயிற்றில் ஒரு பயிர்

ஆழி வளர்ப்பைக் கேட்டால் 'இவ்வளவுதானா!' என்றிருக்கும். பாறையில் ஒட்டியிருக்கும் பிஞ்சு ஆழிகளைச் சுரண்டி எடுத்து வருகிறார்கள். ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, சுற்றிலும் பிஞ்சுகளை வைத்து, கொசுவலை போன்ற மெல்லிய பருத்தித் துணியால் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கட்டுப் போடுகிற மாதிரிதான். தண்ணீரில் தொங்கவிட்ட சில நாட்களில் துணி மக்கிப் போகும். அதற்குள் ஆழி தன் நார் இழைகளை விட்டுக் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கயிறுகளைத் தொங்கவிட உப்பங்கழியில் மூங்கிலை ஊன்றிப் பந்தல் போடுகிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தல் போடுகிறோமே, அதேதான். ஒரே வித்தியாசம், அவரை மேலே ஏறும். ஆழி கீழே தொங்கும்.

உரம் உண்டா? கிடையாது. தீனி உண்டா? அதுவும் கிடையாது. தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் பாசியை ஆழி தானே வடிகட்டித் தின்றுகொள்ளும். ஐந்து, ஆறு மாதத்தில் விரல் நீளத்துக்கு வந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. மழை வெள்ளம் புகுந்து தண்ணீரின் உப்பு சட்டென்று குறைந்தால் தாங்காது. அதனால்தான் கேரளத்தில் மழை விட்ட நவம்பர், டிசம்பரில் கயிறு கட்டி, அடுத்த மழைக்கு முன் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்கிறார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே நம் கரையில் தை பிறந்த பிறகுதான் வழி பிறக்கும்!

சிப்பிக்கு வேறு வழி. சிப்பிக் குஞ்சு சில வாரம் தண்ணீரில் நீந்திவிட்டு, கெட்டியான ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தால் பிறகு ஆயுசுக்கும் நகராது. தூத்துக்குடியில் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக் கூரைக்குப் போடும் நாட்டு ஓட்டைச் சுண்ணாம்பில் தோய்த்துக் காயவைத்துத் தண்ணீரில் அடுக்கினார்கள். குஞ்சுகள் ஓட்டில் வந்து ஒட்டும். சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் அடிபடாமல் பெயர்த்து எடுக்கலாம். பழைய சிப்பி ஓடுகளை மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டாலும் ஒட்டும். சிப்பி விற்கிற அளவுக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்திருக்கும்? பிரான்ஸ் நாட்டில் ஒரு கதை சொல்வார்கள். எழுநூறு, எண்ணூறு வருஷம் முன் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஓர் அயர்லாந்துக்காரன், பறவை பிடிக்கக் கடலோரச் சேற்றில் கம்பு நட்டு வலை கட்டினானாம். பறவை சிக்கியதோ இல்லையோ, கம்பெல்லாம் ஆழி காய்த்துத் தொங்கியதாம். கதை எப்படியோ, பிரான்ஸில் இன்றைக்கும் கம்பு நட்டு ஆழி வளர்க்கிறார்கள். ஸ்பெயினில் மரத் தெப்பங்களிலிருந்து கயிறு தொங்கவிட்டு வளர்க்கிறார்கள்.

படன்னாவின் பெண்கள்

கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு மாவட்டம். அங்கே படன்னா, செறுவத்தூர் என்று உப்பங்கழியோர ஊர்கள். 1996, 97 வாக்கில் ஆராய்ச்சி நிலையத்தார் ஆழி வளர்ப்பைக் கற்றுக்கொடுக்க முன்வந்தபோது, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்களில் பெண்கள் சுய உதவிக் குழுவினர் முன்னால் நின்றார்கள். அரசாங்கத் திட்டங்களின் மானியத்தோடு வங்கிக் கடன் வாங்கி, மூங்கில், கயிறு, துணி வாங்கினார்கள். துணியைச் சுற்றித் தைப்பது, பிறகு அறுவடையானதும் கழுவி, வேகவைத்து, சதையை எடுப்பது எல்லாம் பெண்களின் கை வேலை. நடுவில் உள்ள மாதங்களில் தினமும் காவல் இருக்க வேண்டியதில்லை. அவ்வப்போது போய்ப் பார்த்தால் போதும். சமையலும் பிள்ளைகளும் கெடாமல் செய்யக்கூடிய தொழில் என்பதால்தான் அது பெண்களிடம் பிடித்தது.

நம் ராமநாதபுரத்துக் கரையிலும் இதற்கு ஒரு தங்கை உண்டு. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூங்கில் தெப்பத்தில் கடல்பாசி வளர்க்கிறார்கள். விதைப் பாசியைக் கயிற்றில் முடிந்துவிட்டால் ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் பொருள் அந்தப் பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது.

"இறால் பண்ணை மாதிரி ஆகிவிடாதா?" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கடலோர வயல்களை வெட்டி இறால் குளம் ஆக்கியதில் குடிநீர்க் கிணறு உப்பானதும், நாகைப் பக்கத்து மக்களோடு சேர்ந்து கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் போராடியதும் நமக்குத் தெரியும். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இறாலுக்குத் தீனி கொட்ட வேண்டும். மிச்சத் தீனியும் கழிவும் வெளியே போய்த் தண்ணீரைக் கெடுக்கும். ஆழிக்கும் சிப்பிக்கும் தீனியே கிடையாது. அவை தண்ணீரிலிருந்து எடுத்துத்தான் தின்கின்றன. அளவோடு, நீரோட்டம் உள்ள இடத்தில் வளர்த்தால் தண்ணீர் தெளியும். ஒரே இடத்தில் நெருக்கிப் போட்டால் அதன் கழிவு அடியில் தங்கிச் சேறு நாறும். எதற்கும் அளவு உண்டல்லவா?

ஓடத் தெரியாத உயிர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கச் சிப்பி ஒன்று, எல்லாம் ஒத்துவந்தால், ஒரே நாளில் 190 லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் பதினைந்து லிட்டர் குடத்தால் பன்னிரண்டு குடத்துக்கு மேல்! உள்ளங்கையளவு உயிர் இவ்வளவு வேலை செய்கிறது.

ஆனால் வடிகட்டியில் என்ன தங்கும்? காப்பி வடிகட்டியில் காப்பித்தூள் தங்குவது போல், தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது தங்கும். பாசி இருந்தால் பாசி. சாக்கடைக் கிருமி இருந்தால் கிருமி. காரீயம், காட்மியம், பாதரசம், எண்ணெய் இருந்தால் அதுவும். மீனுக்காவது துடுப்பு இருக்கிறது, தண்ணீர் கெட்டால் வேறு பக்கம் ஓடும். சிப்பி எங்கே ஓடும்? உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கும். இதனால்தான் அமெரிக்காவில் 1986 முதல் கரையோரமெல்லாம் ஆழியையும் சிப்பியையும் எடுத்துச் சோதித்து, எந்தக் கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். ஆழிதான் அங்கே காவல்காரன்.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு விரிகுடா. அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவில் இருந்த பாதரசம் மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. முதலில் பூனைகள் ஆடி ஆடி விழுந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் இழுப்பு, பார்வைக் குறைவு, பேச்சுக் குழறல். 1956இல் நோய் வெளியுலகுக்குத் தெரிந்தது. தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 ஆகிவிட்டது. பெரிதாக நோய் தெரியாத தாய்மாருக்கும், வயிற்றில் இருந்தபோதே விஷம் ஏறிய குழந்தைகள் பிறந்தன. குழந்தைக்காக நல்லது என்று சாப்பிட்ட மீனே எமனானது. எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும்.

எங்கள் எண்ணூர்

எண்ணூர் மினமாட்டா என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்கத்தானே வேண்டும்? கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் எண்ணூர். பக்கிங்ஹாம் கால்வாயும் அதில் வந்து கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இப்படிப்பட்ட இடம்தான் சிப்பிக்கும் இறாலுக்கும் தொட்டில். இந்தத் தொட்டிலைச் சுற்றி 1960களிலிருந்து மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று வந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்தது. 2001இல் எண்ணூர் துறைமுகம் வந்தது. மின்சாரமும் வேலையும் எல்லோருக்கும் கிடைத்தன. சாம்பல் மட்டும் எங்கள் ஆற்றுக்கு வந்தது. குழாய் உடைந்து சாம்பல் குழம்பு ஆற்றில் கலந்ததைப் பற்றி மீனவர்கள் எத்தனையோ முறை மனுக் கொடுத்திருக்கிறார்கள். கழிமுகத்துச் சேற்றிலும் உயிர்களிலும் உலோகங்கள் தங்கியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல தடவை அளந்து எழுதியிருக்கிறார்கள்.

2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் களிம்பை வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து, கழிமுகம் பூராவும் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. கூழைக்கடாப் பறவைகள்கூட இறகெல்லாம் எண்ணெயோடு நின்றன.

இதற்கு நடுவில் ஒரு புது விருந்தாளி. 'காக்கா ஆழி' என்று எங்கள் பக்கத்து மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கறுப்பாகச் சின்னதாக இருக்கும். சொந்த ஊர் தென் அமெரிக்கப் பக்கம். கேரளத்து உப்பங்கழிகளில் 2019 வாக்கில் அடையாளம் கண்டார்கள். சில வருஷத்தில் எண்ணூர், பழவேற்காட்டுத் தண்ணீரிலும் கம்பளம் விரித்தது போல் பரவிவிட்டது. கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பி வரும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்று அடியில் இறால் புதைந்து வாழும் சேற்றை இது மூடிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கைதான் முதல். அந்தக் கையையும் காலையும் இந்த ஆழியின் கூரான ஓடு கிழிக்கிறது. இறாலும் இல்லை, கையும் புண் என்றால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

இப்போது தெரிகிறதா, சிப்பிப் பயிருக்கு எல்லாப் பொருத்தமும் இருந்த எங்கள் கழிமுகத்தில் ஏன் படன்னா மாதிரி நடக்கவில்லை என்று? மூங்கில் இருக்கிறது, கயிறு இருக்கிறது, உழைக்கப் பெண்கள் இருக்கிறார்கள். தண்ணீர்தான் இல்லை. அதாவது, நம்பிப் பயிர் வைக்கிற தண்ணீர்.

உடம்புக்கு என்ன நல்லது?

சுத்தமான கடலில் வளர்ந்த ஆழியும் சிப்பியும் உடம்புக்கு மிக நல்லவை. புரதம் நிறைய, கொழுப்பு குறைவு. இரும்புச் சத்தும் வைட்டமின் பி12ம் ஆழியில் தாராளம். சிப்பியில் துத்தநாகச் சத்து அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை என்று தெரியவந்தது. மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். தட்டிலும் இரும்பு வேண்டாமா?

எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா என்றால், இல்லை. இறால், நண்டு தின்றால் தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு வருகிறவர்கள் இதையும் தொடாமல் இருப்பது உத்தமம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். மேல்நாட்டுக்காரர்கள் எலுமிச்சை பிழிந்து சிப்பியைப் பச்சையாக விழுங்குவார்கள். நமக்கு அந்த நாகரிகம் வேண்டாம். கர்ப்பிணிகள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்காரர்கள், வயோதிகர்கள் பச்சையாகச் சாப்பிடவே கூடாது.

வாங்கும்போதும் சமைக்கும்போதும்

1. "எந்தத் தண்ணீரில் எடுத்தது?" என்று முதலில் கேளுங்கள். துறைமுகம், தொழிற்சாலை, சாக்கடை கலக்கும் கழிமுகத்தில் எடுத்தது என்றால் விலை சும்மா என்றாலும் வேண்டாம். பாலத்தடியில் பொறுக்கியதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

2. பண்ணைகளில் விற்பதற்கு முன் வடிகட்டிய கடல் நீரில் ஒரு நாள் போட்டுச் சுத்தப்படுத்துவார்கள். வயிற்றில் உள்ள மண்ணும் கிருமியும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆனால் காரீயம், பாதரசம் போன்றவை சதையிலேயே ஊறியவை. ஒரு நாள் ஊறலில் போகாது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. இதை மட்டும் மறக்க வேண்டாம்.

3. உயிருள்ள ஆழி ஓட்டை மூடிக்கொண்டிருக்கும். திறந்திருப்பதை விரலால் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் நல்லது. மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். ஓடு உடைந்ததும் வேண்டாம்.

4. தேங்காய் நாரால் ஓட்டைத் தேய்த்துக் கழுவி, வெளியே நீட்டியிருக்கும் நாரைப் பிடுங்குங்கள். ஆவியிலோ கொதிநீரிலோ வைத்தால் வாய் திறக்கும். திறந்த பிறகும் ஐந்து நிமிஷம் வேகட்டும். கடைசி வரை திறக்காததை விட்டுவிடுங்கள்.

5. ஓட்டோடு ஒரு கிலோ வாங்கினால் வெந்த சதை கால் கிலோ, சற்று மேல் தேறும். விலையை அந்தக் கணக்கில் பாருங்கள்.

ஆழி மிளகு வறுவல்

வெந்த ஆழிச் சதை கால் கிலோ, சின்ன வெங்காயம் பதினைந்து, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன், மஞ்சள் தூள் கால் ஸ்பூன், மிளகும் சீரகமும் பொடித்தது இரண்டு ஸ்பூன், பல்லு பல்லாக நறுக்கிய தேங்காய் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, நல்லெண்ணெய். ஆழியில் கடல் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், மிளகாய் போட்டு வதக்கி, இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போனதும் மஞ்சள் தூள், ஆழிச் சதை, தேங்காயைச் சேருங்கள். சின்ன நெருப்பில் பிரட்டி, மிளகுப் பொடி தூவி, ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிட வேண்டும். அதிகம் வறுத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ரசம் சாதத்துக்கு ஜோர்! மலபார்ப் பக்கம் ஓட்டுக்குள்ளேயே அரிசி மாவும் தேங்காயும் அடைத்து, வேகவைத்து, மசாலா தடவிப் பொரிப்பார்கள். அரிக்கடுக்கா என்று பெயர். நம் கொழுக்கட்டைக்குக் கடலோர அக்கா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் தண்ணீர்

கொல்லையில் கத்தரிச் செடி வைத்தால் அந்த மண்ணில் யாராவது அழுக்கைக் கொட்ட விடுவோமா? சண்டைக்குப் போக மாட்டோமா? கடலும் ஆறும் நம் கொல்லைதான். வேலி இல்லாததால் யாருடையதும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

நம்மால் என்ன முடியும் என்று கேட்பீர்கள். நம் வீட்டு எண்ணெய்க் கசண்டையும் பழைய மருந்தையும் சாக்கடையில் கொட்டாமல் இருக்கலாம். வார்டுக் கூட்டத்திலும் தொழிற்சாலை சம்பந்தமாகக் கலெக்டர் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் "எங்கள் கழிமுகத்து ஆழியையும் சிப்பியையும் எடுத்து வருஷா வருஷம் சோதித்து, முடிவைத் தமிழில் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். இது பெரிய கோரிக்கை இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்காரரைக் கேட்கிற மாதிரிதான். சோதனை முடிவு கையில் இருந்தால், எந்த இடம் தேறியிருக்கிறது, எந்த இடம் தேறவில்லை என்று தெரியும். தேறிய இடத்தில் நாளைக்கு நம் குப்பத்துப் பெண்களும் மூங்கில் ஊன்றலாம்.

எண்ணூரில் வளர்ந்த ஆழியைக் காசிமேட்டில் கூடையில் வைத்து, "நம்ம ஊர்துதாம்மா, தைரியமா வாங்கிக்கினு போ" என்று ஒரு மீன்கார ஆயா கூவி விற்கும் நாள்தான், எங்கள் வட சென்னையின் தண்ணீர் தேறிவிட்டது என்பதற்கு நல்ல சர்ட்டிபிகேட். அந்தக் கூடையில் முதல் கிலோவை வாங்க நான் தயார். நீங்கள்?